ஃபார்ம்வில் நகரின் இரு பொதுப்பள்ளிகள்: ஓர் ஒப்பீட்டின் வரலாறு

ஃபார்ம்வில் என்பது ஐக்கிய அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் உள்ள ஒரு சிறு நகரம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பிரிவு. 1950-களில் இந்நகரின் மக்கள்தொகை 4,000-க்குச் சற்று மேல். அங்கே வரிப்பணத்தில் நடந்த இரண்டு உயர்நிலைப்பள்ளிகள் இருந்தன. ஒன்று வெள்ளையினப் பிள்ளைகளுக்கான ஃபார்ம்வில் உயர்நிலைப்பள்ளி. மற்றொன்று கறுப்பினப் பிள்ளைகளுக்கான இராபர்ட் ரஸ்ஸா மோட்டன் உயர்நிலைப்பள்ளி. இவ்விரு பள்ளிகளின் கட்டடம், பாடம், பேருந்து ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை 1951-இல் மாணவர்களின் வகுப்புப் புறக்கணிப்பில் தொடங்கியது. அது நீதிமன்றத்துக்குச் சென்று, 1954-இல் நாடு முழுவதும் பள்ளிகளில் இனப் பிரிவினை சட்டவிரோதம் என்ற தீர்ப்பில் முடிந்தது. அந்தத் தீர்ப்புக்குப் பணிய மறுத்த கவுண்டி நிர்வாகம் 1959 முதல் 1964 வரை தன் பொதுப்பள்ளிகள் அனைத்தையும் மூடி வைத்தது.

இக்கட்டுரையில் பொதுப்பள்ளி என்பது அரசின் வரிப்பணத்தில், கட்டணமின்றி நடத்தப்படும் பள்ளியைக் குறிக்கிறது.

## நகரமும் கவுண்டியும்

வர்ஜீனியாவின் தென்பகுதியில், அப்போமாட்டக்ஸ் ஆற்றங்கரையில் ஃபார்ம்வில் அமைந்துள்ளது. புகையிலை விளையும் பகுதி இது. உள்நாட்டுப் போரின் கடைசி நாட்களில், 1865 ஏப்ரலில், தென்மாநிலப் படைத் தளபதி இராபர்ட் லீ இவ்வூர் வழியாகத்தான் பின்வாங்கினார். அதன் பிறகு சில நாட்களில் அப்போமாட்டக்ஸில் அவர் சரணடைந்தார். அடிமை முறை ஒழிந்தபின் விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் இக்கவுண்டியிலேயே சிறு நிலம் வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் உழவு செய்தனர். 1950-இல் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 15,000. அதில் ஏறத்தாழப் பாதிப்பேர் கறுப்பினத்தவர். பள்ளி செல்லும் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினப் பிள்ளைகளே.

ஃபார்ம்வில் கல்விக்குப் பெயர் பெற்ற ஊர். நகருக்குள் லாங்வுட் கல்லூரி என்னும் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருந்தது. சற்றுத் தொலைவில் 1775-இல் தொடங்கப்பட்ட ஹாம்ப்டன்-சிட்னி கல்லூரி இருந்தது. 1950-களில் இவ்விரண்டிலும் கறுப்பின மாணவர் சேர முடியாது.

## பிரிவினைக்கான சட்டம்

வர்ஜீனியாவில் பொதுப்பள்ளி முறை 1870-இல் தொடங்கியது. தொடக்கம் முதலே இரு இனத்தாருக்கும் தனித்தனிப் பள்ளிகள்தாம். 1896-இல் பிளெஸ்ஸி எதிர் ஃபெர்குசன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வசதிகள் சமமாக இருந்தால் இனவாரியாகப் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று தீர்ப்பளித்தது. "தனித்தனி, ஆனால் சமம்" என்று பின்னர் சுருக்கமாக அழைக்கப்பட்ட கோட்பாடு இதுவே. 1902-இல் வர்ஜீனியா இயற்றிய மாநில அரசியலமைப்பு, வெள்ளையினப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் கற்பிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது.

கோட்பாட்டின் முதற்பாதி கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. "சமம்" என்ற பிற்பாதியைக் கேட்பார் இல்லை. பணம் ஒதுக்கியவர்கள் யார் என்று பார்த்தால் இதன் காரணம் விளங்கும். கவுண்டியின் பள்ளிகளை நடத்தியது பள்ளி வாரியம். அதற்குப் பணம் கொடுத்தது மேற்பார்வையாளர் குழு. இரண்டிலும் வெள்ளையினத்தவரே இருந்தனர். வாக்களிக்க வேண்டுமானால் தலைவரி கட்ட வேண்டும் என்ற விதியையும் 1902 அரசியலமைப்பே கொண்டு வந்திருந்தது. இதனால் கறுப்பின மக்களில் பெரும்பாலோரும் ஏழை வெள்ளையினத்தவரில் பலரும் வாக்காளர் பட்டியலில் இடம்பெறவில்லை. தம் பிள்ளைகளின் பள்ளிக்குப் பணம் ஒதுக்காத ஒருவரைத் தேர்தலில் தோற்கடிக்கும் வழி கறுப்பினப் பெற்றோருக்கு இல்லை. மனுக் கொடுத்துக் காத்திருப்பது ஒன்றே அவர்களுக்கு இருந்த வழி.

## இரு பள்ளிகளின் நிலை

மோட்டன் உயர்நிலைப்பள்ளி 1939-இல் ஒற்றைத்தளச் செங்கல் கட்டடமாகக் கட்டப்பட்டது. பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் வளர்ந்து, புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் தலைவரான இராபர்ட் ரஸ்ஸா மோட்டனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளுக்கு உயர்வகுப்புகள் வேண்டும் என்று இவ்வூர்ப் பெண்கள் சங்கம் ஒன்று 1920-களிலிருந்தே வலியுறுத்தி வந்தது.

கட்டடம் 180 மாணவர்களுக்கென்று திட்டமிடப்பட்டது. பத்தாண்டுகளில் எண்ணிக்கை 450-ஐத் தாண்டிவிட்டது. இடம் போதாமல் கூட்ட அரங்கிலேயே ஒரே நேரத்தில் சில வகுப்புகள் நடந்தன. நிறுத்தி வைக்கப்பட்ட பள்ளிப் பேருந்துக்குள்ளும் பாடம் நடந்ததுண்டு. பெற்றோர் புதிய கட்டடம் கேட்டனர். பள்ளி வாரியம் 1940-களின் இறுதியில் மூன்று தற்காலிகக் கொட்டகைகளைக் கட்டிக் கொடுத்தது. மரச்சட்டத்தின் மேல் தார்த்தாள் ஒட்டிய கொட்டகைகள் அவை. கூரை ஒழுகும். குளிர்காலத்தில் ஓர் அடுப்பு மட்டுமே எரியும். அடுப்புக்கு அருகில் இருப்பவருக்கு வியர்க்கும், தள்ளி இருப்பவர் மேலங்கியைக் கழற்ற முடியாது. சாலையில் செல்வோர் அவற்றைக் கோழிக்கூண்டு என்று எண்ணியதாகப் பழைய மாணவர்கள் நினைவுகூர்ந்துள்ளனர்.

1952-இல் நீதிமன்றம் பதிவு செய்த வேறுபாடுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்:

- உடற்பயிற்சி: ஃபார்ம்வில் உயர்நிலைப்பள்ளியில் உடற்பயிற்சிக் கூடம் இருந்தது. மோட்டனில் உடற்பயிற்சிக் கூடமோ, குளியலறையோ, உடை மாற்றும் அறையோ இல்லை.
- பிற அறைகள்: மோட்டனில் உணவுக்கூடம், நோயுற்ற மாணவருக்கான அறை, ஆசிரியர்களுக்கான ஓய்வறை ஆகியவை இல்லை.
- அறிவியல்: மோட்டனின் ஆய்வகக் கருவிகள் போதுமானவையாக இல்லை.
- பாடங்கள்: இயற்பியல், உலக வரலாறு, இலத்தீன், உயர்நிலைத் தட்டச்சும் சுருக்கெழுத்தும், மரவேலை, உலோக வேலை, இயந்திரப் பட்டறைப் பயிற்சி, வரைபடக் கலை ஆகியவை வெள்ளையினப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டன; மோட்டனில் கற்பிக்கப்படவில்லை.
- பேருந்து: புதிய பேருந்துகளில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு உரிய பங்கு தரப்படவில்லை. வெள்ளையினப் பள்ளி ஓட்டித் தேய்ந்த பேருந்துகளே மோட்டனுக்கு வந்தன.

பட்டியலில் பாடங்கள் பற்றிய பகுதி தனியே கவனிக்கத்தக்கது. ஒழுகும் கூரை அன்றன்றைய துன்பம். இயற்பியல் இல்லாமை பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானிப்பது. இயற்பியலும் இலத்தீனும் படிக்காத ஒருவர் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போவது கடினம். தட்டச்சும் பட்டறைப் பயிற்சியும் முழுமையாகக் கிடைக்காத ஒருவருக்கு அலுவலக வேலையும் ஆலை வேலையும் எட்டாது. அவருக்கு மிஞ்சியது புகையிலைத் தோட்டமும் வீட்டு வேலையும்தான்.

ஒப்பீட்டில் மோட்டன் பின்தங்காத இடமும் உண்டு. அதன் ஆசிரியர்கள் நன்கு படித்தவர்கள். கறுப்பினத்தைச் சேர்ந்த படித்தவர்களுக்கு வேறு வேலைகள் மறுக்கப்பட்டதால் திறமையான பலர் ஆசிரியப் பணிக்கே வந்தனர். அவர்களுடைய ஊதியமும் நெடுங்காலம் குறைவாகவே இருந்தது. வர்ஜீனியாவின் நார்போக் நகர ஆசிரியர்கள் தொடுத்த வழக்கில், இனத்தைக் காட்டி ஊதியத்தைக் குறைப்பது செல்லாது என்று 1940-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே அந்நிலை மாறத் தொடங்கியது.

## 1951 வகுப்புப் புறக்கணிப்பு

பெற்றோர் ஆசிரியர் சங்கமும், முதல் பாப்டிஸ்ட் தேவாலயப் போதகர் எல். பிரான்சிஸ் கிரிஃபினும் புதிய பள்ளிக்காகப் பலமுறை வாரியத்தை அணுகினர். நிலம் தேடுகிறோம் என்ற மறுமொழியே கிடைத்து வந்தது.

1951 ஏப்ரல் 23 அன்று, பதினாறு வயது மாணவி பார்பரா ரோஸ் ஜான்ஸும் அவருடைய தோழர்களும் தாங்களே செயலில் இறங்கினர். மாணவர் இருவர் பேருந்து நிலையத்தில் சிக்கலில் மாட்டிக்கொண்டதாகத் தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸுக்குத் தொலைபேசியில் பொய்த் தகவல் சொல்லி, அவரைப் பள்ளியிலிருந்து வெளியே அனுப்பினர். அவர் பெயரில் ஒரு குறிப்பை வகுப்புகளுக்கு அனுப்பி எல்லோரையும் அரங்குக்கு வரவழைத்தனர். திரை விலகியபோது மேடையில் நின்றவர் தலைமையாசிரியர் அல்லர், பார்பரா. ஆசிரியர்களை வெளியேறும்படி கேட்டுக்கொண்ட பின், தாங்கள் படிக்கும் நிலையை அவர் எடுத்துரைத்தார். புதிய பள்ளி கிடைக்கும் வரை வகுப்புக்குத் திரும்புவதில்லை என்று முடிவாயிற்று. தலைமையாசிரியரை அப்புறப்படுத்தியதற்கு ஒரு நோக்கம் இருந்தது. அவருக்கு முன்கூட்டியே தெரியாது என்று காட்டினால் அவர் வேலை தப்பும் என்று மாணவர்கள் எண்ணினர். ஆயினும் அடுத்த ஆண்டுக்கான பணி ஒப்பந்தம் அவருக்குப் புதுப்பிக்கப்படவில்லை.

பார்பராவும் மாணவர் மன்றத் தலைவி கேரி ஸ்டோக்ஸும் ரிச்மண்ட் நகர வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் இராபின்சன் ஆகியோருக்குக் கடிதம் எழுதினர. இருவரும் என்.ஏ.ஏ.சி.பி. எனப்படும் கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர்கள். ஏப்ரல் 25 அன்று அவர்கள் ஃபார்ம்வில் வந்து மாணவர்களைச் சந்தித்தனர்.

மாணவர்கள் கேட்டது வெள்ளையினப் பள்ளிக்கு இணையான ஒரு பள்ளி. வழக்கறிஞர்கள் சொன்னது வேறு: இணையான பள்ளி கேட்டு இனி வழக்குப் போடுவதில்லை; பிரிவினையையே எதிர்ப்பதானால் வழக்கை எடுத்துக்கொள்கிறோம், பெற்றோரும் அதற்கு உடன்பட வேண்டும். மே 3 அன்று கிரிஃபினின் தேவாலயத்தில் நடந்த பெருங்கூட்டத்தில் இதற்கு ஆதரவு திரண்டது. மே 7 அன்று மாணவர்கள் வகுப்புக்குத் திரும்பினர்.

## வழக்கறிஞர்களின் மனமாற்றம்

வழக்கறிஞர்கள் இந்நிலைக்கு வந்ததற்கு அனுபவமே காரணம். 1940-களில் ஹில்லும் இராபின்சனும் வர்ஜீனியாவின் பல கவுண்டிகளில் சமவசதி கேட்டு வழக்குத் தொடுத்திருந்தனர். ஒவ்வொரு வழக்கிலும் வகுப்பறைகளை எண்ண வேண்டும், நூல்களைக் கணக்கிட வேண்டும், கழிப்பறைகளை அளக்க வேண்டும். வென்றாலும் அது ஒரு கவுண்டிக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த கவுண்டியில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கவுண்டியில், கறுப்பினப் பள்ளியில் இல்லாத பாடங்களைச் சேர்ப்பதற்குப் பதில், வெள்ளையினப் பள்ளியில் இருந்த பாடங்களை நீக்கிச் சமம் காட்ட முயன்றனர். சமத்துவத்தை உயர்த்தியும் கொடுக்கலாம், தாழ்த்தியும் கொடுக்கலாம் என்பதை இது வெளிக்காட்டியது. பிற்காலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி எடுத்த முடிவுக்கு இது ஒரு முன்னறிகுறி.

1950-இல் டெக்சஸ் சட்டக்கல்லூரி தொடர்பான ஸ்வெட் எதிர் பெயின்டர் வழக்கில் உச்ச நீதிமன்றம் புதிய வழியைத் திறந்தது. கறுப்பின மாணவருக்கெனத் தனியே தொடங்கப்பட்ட சட்டக்கல்லூரியைப் பழைய கல்லூரியோடு ஒப்பிட்டபோது, ஆசிரியர்களின் புகழ், பழைய மாணவர்களின் செல்வாக்கு போன்ற அளந்து காட்ட முடியாதவற்றையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. சுவரையும் கூரையையும் மட்டும் எண்ணிப் பள்ளிகளை ஒப்பிடுவது போதாது என்ற வாதத்துக்கு இது வலுச் சேர்த்தது. அதே ஆண்டு என்.ஏ.ஏ.சி.பி. நேரடியாகப் பிரிவினையை எதிர்ப்பதென்று முடிவு செய்தது.

## டேவிஸ் வழக்கும் 1952 தீர்ப்பும்

1951 மே 23 அன்று 117 மாணவர்கள் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. பட்டியலில் முதலில் இருந்த பதினான்கு வயது மாணவி டோரத்தி டேவிஸின் பெயரால் அது டேவிஸ் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வாரியம் என்று அறியப்பட்டது. பார்பராவின் பாதுகாப்புக்கு அஞ்சிய குடும்பத்தார் அவரை அலபாமாவின் மான்ட்கமரி நகரிலிருந்த உறவினர் வெர்னன் ஜான்ஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டனர். வெர்னன் ஜான்ஸ் அங்கு டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயப் போதகராக இருந்தார். பின்னர் அப்பொறுப்புக்கு வந்தவரே மார்ட்டின் லூதர் கிங்.

1952 பிப்ரவரியில் ரிச்மண்டில் மூன்று நீதிபதிகள் முன் விசாரணை நடந்தது. மாணவர் தரப்பில் உளவியலாளர் கென்னத் கிளார்க் சாட்சியம் அளித்தார். பிரித்து வைக்கப்படும் பிள்ளை தன்னைத் தாழ்வாக எண்ணத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். மாநிலத் தரப்பு அவருக்கு எதிராக நிறுத்தியது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்கே பாடம் சொன்ன ஹென்றி காரெட்டை.

மார்ச் 7 அன்று தீர்ப்பு வந்தது. கட்டடம், பாடம், பேருந்து மூன்றிலும் மோட்டன் சமமாக இல்லை என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டனர். குறைகளை விரைந்து சரிசெய்யும்படி வாரியத்துக்கு ஆணையிட்டனர். ஆனால் பிரிவினை நீடிக்கலாம் என்றனர். அது வெறுப்பிலிருந்து பிறந்ததன்று, மக்களின் நெடுநாள் வழக்கம், அதனால் எந்த இனத்தாருக்கும் தீங்கில்லை என்பது அவர்கள் முடிவு.

கவுண்டியும் பணத்தை எடுத்தது. 8,00,000 டாலருக்கு மேல் செலவில் புதிய மோட்டன் உயர்நிலைப்பள்ளி 1953-இல் திறக்கப்பட்டது. உடற்பயிற்சிக் கூடம், உணவுக்கூடம், ஆய்வகம், பட்டறை என்று இல்லாதவை எல்லாம் அதில் வந்தன. ஆண்டுக்கணக்கில் மனுக் கொடுத்தும் கிடைக்காத நிலமும் பணமும் பிரிவினைக்கு ஆபத்து என்றதும் கிடைத்துவிட்டன. கட்டடத்தை மட்டும் ஒப்பிட்டால், இப்போது கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளி நகரின் புதிய பள்ளி.

## 1954 தீர்ப்பில் ஒப்பீட்டின் இடம்

டேவிஸ் வழக்கு மேல்முறையீட்டில் கான்சஸ், தென் கரோலினா, டெலவேர் மாநில வழக்குகளோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது. இவையே பிரவுன் எதிர் கல்வி வாரியம் என்ற பெயரில் புகழ்பெற்றன. மாணவர்களின் வகுப்புப் புறக்கணிப்பில் பிறந்தது இவற்றில் ஃபார்ம்வில் வழக்கு ஒன்றே.

1954 மே 17 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் ஒருமனதான தீர்ப்பை வாசித்தார். இரு இனப் பள்ளிகளின் கட்டடம், பாடத்திட்டம், ஆசிரியர் தகுதி, ஊதியம் ஆகியவை சமமாக்கப்பட்டுவிட்டன அல்லது சமமாக்கப்பட்டு வருகின்றன என்று கீழ்நீதிமன்றங்கள் கண்டிருப்பதை அவர் குறிப்பிட்டார். எனவே கண்ணுக்குத் தெரியும் பொருள்களின் ஒப்பீட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. பிரிவினை கல்வியின் மேல் ஏற்படுத்தும் விளைவையே பார்க்க வேண்டும் என்றார். தனித்தனிப் பள்ளிகள் தம் இயல்பிலேயே சமமற்றவை என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

புதிய மோட்டன் கட்டடம் இவ்வாதத்துக்கு ஏற்ற சான்று. செங்கல்லும் கூரையும் பணத்தால் ஓராண்டில் சமமாயின. ஆனால் எந்தப் பிள்ளை எந்தக் கட்டடத்துக்குள் நுழையலாம் என்பதை இன்னும் தோலின் நிறமே தீர்மானித்தது.

## பள்ளிகள் மூடப்பட்ட ஐந்தாண்டுகள்

1955 மே 31 அன்று உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பை நிறைவேற்றக் காலக்கெடு எதையும் விதிக்காமல், உரிய விரைவோடு செய்யும்படி மட்டும் கூறியது. வர்ஜீனியாவின் செனட்டர் ஹாரி பேர்ட் இந்த இடைவெளியைப் பயன்படுத்திப் "பெரும் எதிர்ப்பு" என்ற கொள்கையை முன்வைத்தார். இனங்கள் கலந்த பள்ளிகளை மாநிலமே மூடலாம் என்று சட்டம் இயற்றப்பட்டது. 1959 ஜனவரி 19 அன்று மாநில உச்ச நீதிமன்றமும் கூட்டாட்சி நீதிமன்றமும் அச்சட்டங்களைச் செல்லாதவை ஆக்கின. மற்ற ஊர்களில் மூடிய பள்ளிகள் திறந்தன.

பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி வேறு வழியில் சென்றது. அவ்வாண்டு செப்டம்பருக்குள் பிரிவினையை நீக்கத் தொடங்கும்படி மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டது. ஜூன் மாதம் மேற்பார்வையாளர் குழு, பள்ளிகளுக்கென்று வரி விதிப்பதோ பணம் ஒதுக்குவதோ இல்லை என்று முடிவு செய்தது. செப்டம்பரில் கவுண்டியின் பொதுப்பள்ளி எதுவும் திறக்கவில்லை. ஆறு ஆண்டுகளே ஆன மோட்டன் பள்ளியும் பூட்டப்பட்டது, பழைய ஃபார்ம்வில் பள்ளியும் பூட்டப்பட்டது. அந்த ஒரு வகையில் இரண்டும் சமமாயின.

பிள்ளைகள் சமமாகவில்லை. வெள்ளையினப் பிள்ளைகளுக்காகப் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்னும் தனியார் பள்ளி உடனே தொடங்கப்பட்டது. முதலில் தேவாலயங்களிலும் கிடைத்த கட்டடங்களிலும் வகுப்புகள் நடந்தன. 1961-இல் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. 1960 முதல் மாநிலமும் கவுண்டியும் அதன் மாணவர்களுக்குக் கல்விக் கட்டண உதவித்தொகையும் தந்தன. பொதுப்பள்ளிகள் மூடியிருக்கும் வரை இவ்வுதவி கூடாது என்று 1961-இல் நீதிமன்றம் தடுத்தது. அதன்பின் கட்டணம் கட்ட முடியாத ஏழை வெள்ளையினப் பிள்ளைகள் சிலரும் படிப்பை இழந்தனர்.

கறுப்பினப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,700 பேருக்குப் போக இடமில்லை. சிலரைப் பெற்றோர் பக்கத்துக் கவுண்டிகளுக்கும் வேறு மாநில உறவினர் வீடுகளுக்கும் அனுப்பினர். மேல்வகுப்பு மாணவர் சிலர் வட கரோலினாவின் கிட்ரெல் கல்லூரியில் தங்கிப் படித்தனர். குவேக்கர் சமயத்தாரின் அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு, வடமாநிலக் குடும்பங்கள் சிலவற்றில் மாணவர்களைத் தங்க வைத்துப் படிக்கச் செய்தது. ஊரிலேயே தங்கியவர்களுக்குத் தேவாலய அடித்தளங்களில் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்கும் மையங்கள் நடந்தன. அவை பள்ளிக்கு ஈடல்ல என்று நடத்தியவர்களே கூறினர். ஈடு என்று சொன்னால் பள்ளிகளைத் திறக்கும் வழக்கு வலுவிழக்கும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. பலர் வயலுக்கு வேலைக்குப் போயினர். 1959-இல் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை, பத்து வயது வரை வகுப்பறையைப் பார்க்காமலே வளர்ந்தது. கறுப்பின ஆசிரியர்கள் வேலையிழந்து வேறு ஊர்களுக்குச் சென்றனர்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், கென்னடி அரசின் முயற்சியால் திரட்டிய நன்கொடையில் பிரின்ஸ் எட்வர்ட் இலவசப் பள்ளிகள் 1963 செப்டம்பரில் திறந்தன. நீல் சலிவன் அவற்றின் கண்காணிப்பாளர். மூடிக்கிடந்த பொதுப்பள்ளிக் கட்டடங்களையே வாடகைக்கு எடுத்து 1,500-க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி தந்தனர். சேர்ந்த வெள்ளையினப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணலாம். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே நிலையில் இல்லாததால், வகுப்புவாரியாக அன்றி அவரவர் கற்றல் நிலைக்கேற்பக் குழுக்களாகப் பிரித்துக் கற்பித்தனர்.

## 1964 தீர்ப்பும் மீண்டும் திறப்பும்

போதகர் கிரிஃபினின் பிள்ளைகள் பெயரால் நடந்த கிரிஃபின் எதிர் பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி பள்ளி வாரியம் வழக்கில், 1964 மே 25 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஹியூகோ பிளாக். பொதுப்பள்ளிகளை மூடிவிட்டு, பிரிவினை காட்டும் தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் தருவது, அனைவர்க்கும் சமப் பாதுகாப்பு என்ற அரசியலமைப்பு விதியை மீறுவது என்றார் அவர். மாநிலத்தின் மற்றக் கவுண்டிகளில் பொதுப்பள்ளிகள் நடக்கும்போது இங்கு மட்டும் மூடியிருப்பதற்கு இனத்தைத் தவிர வேறு காரணமில்லை என்று சுட்டினார். தேவையானால் வரி விதித்துப் பள்ளிகளைத் திறக்கும்படி கவுண்டியைக் கீழ்நீதிமன்றம் கட்டாயப்படுத்தலாம் என்றும் கூறினார்.

கவனிக்க வேண்டியது, ஒப்பீடு இங்கும் தொடர்ந்தது என்பதே. ஆனால் ஒப்பிடப்பட்டவை இரு கட்டடங்கள் அல்ல. ஒரு கவுண்டிப் பிள்ளைக்கும் பக்கத்துக் கவுண்டிப் பிள்ளைக்கும் மாநிலம் என்ன தருகிறது என்பதே கேள்வி.

1964 செப்டம்பரில் பொதுப்பள்ளிகள் திறந்தன. சட்டப்படி எல்லோருக்கும் பொதுவானவை. நடைமுறையில் ஏறத்தாழ எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளையினப் பிள்ளைகளில் பெரும்பாலோர் அகாடமியிலேயே தொடர்ந்தனர். 1970-களுக்குப் பின் அவர்கள் படிப்படியாகப் பொதுப்பள்ளிக்குத் திரும்பினர். அகாடமியில் 1980-களில்தான் கறுப்பின மாணவர் சேர்க்கப்பட்டனர். அது 1993-இல் ஃபுக்குவா பள்ளி எனப் பெயர் மாறியது. படிப்பைத் தொடராமல் விட்ட பலர் பிறகு பள்ளிக்குத் திரும்பவேயில்லை. வயது கடந்துவிட்டது, அல்லது குடும்பப் பொறுப்பு வந்துவிட்டது.

## நினைவும் ஈடும்

பார்பரா ஜான்ஸ் பின்னர் ஃபிலடெல்பியாவில் பள்ளி நூலகராகப் பணியாற்றி 1991-இல் மறைந்தார். 1998-இல் பழைய மோட்டன் பள்ளி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வகுப்புப் புறக்கணிப்பின் ஐம்பதாவது ஆண்டான 2001-இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பள்ளி மூடப்பட்டதால் படிப்பை இழந்தவர்களுக்கு 2003-இல் மதிப்புறு சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. 2004-இல் வர்ஜீனியா சட்டமன்றம் அவர்களுக்கென்று ஒரு கல்வி உதவித்தொகைத் திட்டத்தை உருவாக்கியது. அப்போது அவர்களில் பலர் ஐம்பது வயதைக் கடந்திருந்தனர். 2008-இல் ரிச்மண்டில் மாநிலத் தலைமைச் செயலக வளாகத்தில் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் பார்பராவும் மாணவர்களும், கிரிஃபினும், இரு வழக்கறிஞர்களும் இடம்பெற்றனர். 2020-இல் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து இராபர்ட் லீயின் சிலை அகற்றப்பட்டபோது, அதற்குப் பதிலாக வர்ஜீனியாவின் சார்பில் நிறுவப்படத் தேர்ந்தெடுக்கப்பட்டது பார்பரா ஜான்ஸின் உருவம்.

1953-இல் பிரிவினையைக் காப்பாற்றுவதற்காகக் கட்டப்பட்ட புதிய மோட்டன் பள்ளி, பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி உயர்நிலைப்பள்ளி என்று பெயர் மாறி, எல்லா இனப் பிள்ளைகளும் படிக்கும் பொதுப்பள்ளி ஆயிற்று.